மூன்று ஜோடி காலுறையுடன் திரும்பிய கால்பந்து ஆசான்

1953ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் தேதி. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கூட்டம். இங்கிலாந்தும் ஹங்கேரியும் மோதும் கால்பந்து ஆட்டம். ஐரோப்பாக் கண்டத்திலிருந்து வந்த எந்த நாட்டு அணியும் அதுவரை இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் வென்றதில்லை. அன்றும் வெல்லாது என்றே கூட்டம் நம்பியிருந்தது.

ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் ஹங்கேரியின் ஹிடேக்குட்டி முதல் கோலைப் போட்டார். அதன் பிறகு இங்கிலாந்து ஆட்டக்காரர்களுக்குப் பந்து எங்கே போகிறது, எவர் காலுக்கு வருகிறது என்றே புரியவில்லை. இறுதியில் ஹங்கேரி 6, இங்கிலாந்து 3. கால்பந்தைப் பெற்றெடுத்த நாடு தலைகுனிந்து நின்றது.

பார்வையாளர் வரிசையில் 71 வயது முதியவர் ஒருவர், ஆஸ்டன் வில்லா சங்கத்தின் இளம் ஆட்டக்காரர்களை அழைத்துவந்து உட்கார்ந்திருந்தார். கால்பந்தை எப்படி ஆடவேண்டும் என்று பையன்களுக்குக் காட்டுவதற்காகவே அவர் அங்கே வந்திருந்தார். அவர் ஆங்கிலேயர்தான். ஆனால் அன்று மைதானத்தில் ஹங்கேரியர் ஆடிய ஆட்டத்துக்கு விதை போட்டவரும் அவரே. அவர் பெயர் ஜிம்மி ஹோகன்.

பாதிரியார் ஆகவேண்டியவர்

இங்கிலாந்தின் லங்காஷயரில் பஞ்சாலைகள் நிறைந்த ஊர் நெல்சன். அங்கே 1882 அக்டோபர் 16ஆம் தேதி பிறந்தவர் ஹோகன். அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். தந்தை ஆலைத் தொழிலாளி. பையன் நன்றாகப் படிப்பதைக் கண்டு, அவனைப் பாதிரியாராக்கிப் பார்க்க வீட்டார் ஆசைப்பட்டார்கள். அதற்கென்றே மான்செஸ்டரில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் சேர்த்தார்கள். படிப்பு முடிந்தது, துறவற ஆசை வரவில்லை. கணக்கர் வேலைக்குப் போ என்றார் தந்தை. மகனோ கால்பந்தின் பின்னால் போனான்.

நெல்சன், ராச்டேல் டவுன் ஆகிய சிறு சங்கங்களில் ஆடிவிட்டு, பர்ன்லி சங்கத்தில் சேர்ந்தார் ஹோகன். பிறவி மேதை என்று சொல்லத்தக்க ஆட்டக்காரர் அல்லர் அவர். ஆனால் உழைப்பாளி. கால்களுக்கு வலுவேற்ற வீட்டிலேயே நின்ற இடத்தில் ஓடும் சைக்கிள் ஒன்றைச் செய்துகொண்டு, நாளுக்கு 30 மைல் தூரம் மிதித்தார். அதனால் கால் தசைகள் இறுகிப் போனதுதான் மிச்சம் என்பதைப் பிறகுதான் உணர்ந்தார்.

பர்ன்லியில் ஒரு நாள் எதிரிகளை ஏமாற்றிப் பந்தைக் கோலின் முன்வரை கொண்டுபோன ஹோகன், அதைக் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டார். காலை வைத்தவிதம் தவறா, உடல் சாய்ந்தவிதம் தவறா என்று மானேஜரிடம் போய்க் கேட்டார். மானேஜருக்கோ இது வீண் கேள்வியாகத் தோன்றியது. தொடர்ந்து அடித்துக்கொண்டிரு, பத்தில் ஒன்று விழுந்தாலும் போதும் என்று அனுப்பிவிட்டார்.

அந்தப் பதில் ஹோகனை உறுத்தியது. மீதி ஒன்பது ஏன் விழக்கூடாது? தவறு எங்கே என்று தெரிந்தால் திருத்திக்கொள்ளலாமே! அன்று முதல் பந்தை அடக்குவது, தட்டுவது, அடிப்பது ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்த்துப் பழகத் தொடங்கினார். அவரது வாழ்க்கையின் திருப்புமுனை அந்தக் கேள்விதான்.

பந்தில்லாத பயிற்சி

அந்நாளைய இங்கிலாந்தில் கால்பந்துப் பயிற்சி என்றால் மைதானத்தைச் சுற்றி ஓடுவதுதான். வாரம் முழுவதும் ஆட்டக்காரர்கள் கண்ணில் பந்தைக் காட்டுவது அபூர்வம். பந்துக்கு ஏங்கிக் கிடந்தால்தான் சனிக்கிழமை ஆட்டத்தில் ஆவேசமாகப் பாய்வார்கள் என்பது சங்கங்களின் நம்பிக்கை. பந்தாட்டத் திறமை பிறவியில் வருவது. அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்பதே பொதுவான கருத்து.

1905இல் லண்டன் ஃபுல்ஹாம் சங்கத்துக்குப் போனபோது ஹோகன் வேறோர் ஆட்டத்தைக் கண்டார். அங்கே பயிற்சியாளராக இருந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜாக் ஹாமில்டன். பந்தைத் தூக்கியடித்துவிட்டுத் துரத்தும் ஆங்கில வழக்கத்துக்கு மாறாக, தரையோடு தரையாக ஒருவருக்கொருவர் பந்தைத் தட்டிக்கொண்டே முன்னேறும் ஸ்காட்லாந்து முறை அங்கே கையாளப்பட்டது. அதைக் கொண்டு ஃபுல்ஹாம் இரண்டு முறை தெற்கு லீக் பட்டத்தை வென்றது; 1908இல் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதிவரை சென்றது. முழங்கால் காயத்தால் ஹோகன் அதிக ஆட்டங்கள் ஆட முடியவில்லை. ஆனால் அந்த முறையை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டார்.

அடுத்து ஸ்விண்டன், பிறகு போல்ட்டன் வாண்டரர்ஸ். போல்ட்டன் அணி ஹாலந்தில் சுற்றுப்பயணம் செய்தபோது, டோர்ட்ரெக்ட் என்ற ஊர் அணியை 10-0 என்று நொறுக்கியது. வென்ற களிப்பில் மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். ஹோகனின் மனமோ தோற்றவர்களைச் சுற்றியே வந்தது. இந்த இளைஞர்களுக்கு ஆர்வம் இருக்கிறது, உடல் இருக்கிறது. சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. திரும்பி வந்து இவர்களுக்கு ஆடக் கற்றுத்தருவேன் என்று தமக்குள் உறுதி செய்துகொண்டார்.

ஹாலந்திலிருந்து வியன்னா

உறுதி வீண்போகவில்லை. ஜேம்ஸ் ஹவ்க்ராஃப்ட் என்ற ஆங்கில நடுவர் ஐரோப்பிய நாடுகளிலும் ஆட்டங்களை நடத்தி வந்தவர். டோர்ட்ரெக்ட் சங்கம் பயிற்சியாளரைத் தேடுகிறது என்று அவர் சொன்ன தகவலைப் பிடித்துக்கொண்டு, ஹோகன் விண்ணப்பித்தார். 1910இல், 28 வயதில், அதே ஊருக்கு ஆசானாகப் போய்ச் சேர்ந்தார். அவ்வாண்டே ஓர் ஆட்டத்துக்கு ஹாலந்து தேசிய அணியையும் தயார் செய்தார். ஜெர்மனியை 2-1 என்று வென்றது ஹாலந்து.

ஹவ்க்ராஃப்ட் மூலமாகவே அடுத்த அழைப்பும் வந்தது. ஆஸ்திரியக் கால்பந்தை வளர்த்துவந்த ஹியூகோ மைஸ்ல், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்குத் தம் நாட்டு அணியைத் தயாரிக்க ஆள் தேடினார். மைஸ்ல் பாங்கு உத்தியோகஸ்தர், பல மொழி அறிந்தவர், கால்பந்துப் பித்தர். ஹோகன் ஆறு வாரத்துக்கு வியன்னா வந்தார்.

தொடக்கம் நன்றாக இல்லை. அவர் சொல்வது ஆட்டக்காரர்களுக்குப் பிடிபடவில்லை. அடிப்படைப் பாடங்களையே திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னது அவர்களுக்குச் சலிப்பைத் தந்தது. மைஸ்லும் ஹோகனும் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். அன்று தொடங்கிய நட்பு மைஸ்ல் 1937இல் இறக்கும்வரை நீடித்தது. ஒலிம்பிக்கில் ஆஸ்திரியா ஜெர்மனியை 5-1 என்று வீழ்த்தியது. அடுத்த சுற்றில் ஹாலந்திடம் தோற்றது.

ஹோகன் சொல்லிக்கொடுத்தது எளிமையானது. பந்து வரும்போதே அதை ஒரே தொடுதலில் அடக்கவேண்டும். தரையோடு, குறி தவறாமல், தோழனுக்குத் தட்டவேண்டும். தட்டியதும் நிற்காமல் காலி இடத்துக்கு ஓடவேண்டும். ஆட்டக்காரன் ஓடுவதைவிடப் பந்து வேகமாக ஓடும்; ஆகவே பந்தையே ஓடவிட வேண்டும். இதற்கெல்லாம் பயிற்சி நேரம் முழுவதும் காலில் பந்து இருந்தாக வேண்டும். இங்கிலாந்து வீண் என்று ஒதுக்கிய பாடத்தை வியன்னா ஆவலோடு படித்தது.

போர்க் கைதி

1916இல் பெர்லினில் நடக்கவிருந்த ஒலிம்பிக்குக்கு ஆஸ்திரிய அணியைத் தயார் செய்யும் பொறுப்பு ஹோகனிடம் ஒப்படைக்கப்பட்டது. மனைவி மக்களுடன் வியன்னாவில் குடியேறினார். 1914இல் உலகப் போர் மூண்டது. ஊருக்குப் போய்விடலாமா என்று பிரிட்டிஷ் தூதரகத்தில் கேட்டார். அவசரம் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஓரிரு நாளில் எதிரி நாட்டுக் குடிமகன் என்று போலீசார் வந்து கைது செய்தார்கள். திருடர்களோடும் கொலைகாரர்களோடும் சிறையில் கிடந்தார். ஆஸ்திரியக் கால்பந்துச் சங்கத்தாரால் உதவ முடியவில்லை; சம்பளமும் நின்றது. 1915இல் மனைவியும் குழந்தைகளும் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். அவர் மட்டும் தனியே நின்றார்.

ஜெர்மனியில் இருந்த முகாமுக்கு அனுப்பப்படும் தறுவாயில், வியன்னாவில் பெரிய பலசரக்கு மாளிகை வைத்திருந்த பிளைத் சகோதரர்கள் என்ற ஆங்கிலேயர்கள் ஜாமீன் கொடுத்து அவரை மீட்டார்கள். அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்தும் எடுபிடி வேலை செய்தும் ஹோகன் நாட்களைக் கழித்தார்.

அப்போது புடாபெஸ்ட் நகரின் எம்.டி.கே. சங்கத்தின் உதவித் தலைவர் பாரன் டிர்ஸ்தாய்க்கு அவர் நிலை தெரியவந்தது. கேம்பிரிட்ஜில் படித்த அவர் தம் செல்வாக்கைப் பயன்படுத்தி ஹோகனை ஹங்கேரிக்கு வரவழைத்தார். குறித்த தவறாமல் போலீஸ் நிலையத்தில் ஆஜராக வேண்டும். மற்றபடி சங்கத்துக்குப் பயிற்சி தரலாம் என்பது ஏற்பாடு.

பூங்காவில் கிடைத்த இரு மணிகள்

சங்கத்தில் ஆட்டக்காரர்கள் பலர் போர்முனைக்குப் போய்விட்டிருந்தார்கள். புதியவர்களைத் தேடி ஹோகன் தெருத்தெருவாகப் பார்த்தார். நகரப் பூங்கா ஒன்றில் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இருவர் கண்ணில் பட்டார்கள்: கியோர்கி ஆர்த், யோசெப் பிரவுன். இருவருக்கும் 15 வயது இருக்கும். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். பள்ளி விட்டதும் மாலைதோறும் அவர்களை மைதானத்துக்கு அழைத்துப்போய்க் கற்றுக்கொடுத்தார்.

பலன் வியப்பூட்டியது. 1917இலும் 1918இலும் எம்.டி.கே. ஹங்கேரியின் லீக் பட்டத்தை வென்றது. ஹோகன் போன பிறகும் வெற்றி நிற்கவில்லை. 1925வரை தொடர்ந்து 9 ஆண்டுகள் பட்டம் அந்தச் சங்கத்திடமே இருந்தது. ஆர்த் ஹங்கேரியின் ஈடற்ற ஆட்டக்காரரானார்; பின்னாளில் 1930 உலகக் கோப்பையில் சிலி நாட்டு அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார். பிரவுனின் முடிவு துயரமானது. யூதரான அவர் இரண்டாம் உலகப் போரில் கட்டாய உழைப்புப் படையில் சேர்க்கப்பட்டு 1943இல் மாண்டார்.

எதிரி நாட்டில் கைதியாக இருந்த காலத்தையே தம் வாழ்வின் சிறந்த காலங்களில் ஒன்றாக்கிக்கொண்டவர் ஹோகன். ஆனால் அதற்கான விலையைத் தாய்நாட்டில் கொடுக்க வேண்டியிருந்தது.

காலுறைப் பரிசு

போர் முடிந்து ஊர் திரும்பினார். கையில் காசில்லை. லிவர்பூலில் ஒரு புகையிலைக் கம்பெனியில் வேலை பார்த்தார். போரினால் நஷ்டப்பட்ட தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கு 200 பவுன் தருவதற்கு இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தில் ஒரு நிதி இருப்பதாக நண்பர்கள் சொன்னார்கள். 5 பவுன் கடன் வாங்கிக்கொண்டு லண்டனுக்கு ரயிலேறினார்.

சங்கத்தின் செயலாளர் பிரடெரிக் வால் அவரை வரவேற்றவிதம் குளிர்ந்திருந்தது. நிதி போரில் ஈடுபட்டவர்களுக்கு என்றார். தாம் நான்காண்டுக் காலம் சிறைப்பட்டவன் என்று ஹோகன் எடுத்துச் சொன்னார். அதற்குப் பதிலாக அவர் கைக்கு வந்தவை மூன்று ஜோடிக் காக்கிக் காலுறைகள். போர்முனையில் இருந்த நம் பையன்கள் இவற்றுக்கே மகிழ்ந்தார்கள் என்ற விளக்கமும் கூடவே வந்தது.

காலுறையைவிட அதில் பொதிந்திருந்த குற்றச்சாட்டுதான் ஹோகனைச் சுட்டது. எதிரிக்குப் பந்தாட்டம் கற்றுக்கொடுத்துக்கொண்டு சுகமாக இருந்த துரோகி என்பதுதான் அதன் பொருள். அந்த அவமானத்தை அவர் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை.

மறுபடியும் அயல்நாட்டுக்கே புறப்பட்டார். சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரின் யங் பாய்ஸ் சங்கத்துக்குப் பயிற்சி தந்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு சுவிஸ் அணியைத் தயாரித்தவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சிறு நாடு இறுதியாட்டம்வரை சென்று உருகுவேயிடம் தோற்று, வெள்ளிப் பதக்கம் பெற்றது. பின்னர் மீண்டும் எம்.டி.கே.யில் சிறிது காலம்.

வெறுங்காலில் ஒரு பாடம்

1926இல் ஜெர்மனியில் பயிற்சி தர அழைப்பு வந்தது. அங்கே பயிற்சியாளர் அனுமதி பெற ஜெர்மன் மொழியில் சொற்பொழிவு நிகழ்த்தியாக வேண்டும். ஹோகனின் ஜெர்மன் மொழி அரைகுறை. வார்த்தைகளைத் தவறாகக் கோத்துப் பேச, சபையில் சிரிப்பு எழுந்தது. பத்து நிமிஷம் இடைவேளை கேட்டுவிட்டு உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது பழைய போல்ட்டன் சட்டை அணிந்திருந்தார். சபையின் முன்னால் பூட்ஸையும் காலுறையையும் கழற்றினார். ஒழுங்காக அடிக்கத் தெரிந்தவனுக்குப் பூட்ஸ்கூட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, 15 கஜ தூரத்தில் இருந்த மரப் பலகையை நோக்கி வலது காலால் பந்தை அடித்தார். திரும்பி வந்த பந்தை இடது காலால் அடித்தார், பலகை இரண்டாகப் பிளந்தது. சிரித்தவர்கள் கைதட்டினார்கள்.

வெறுங்காலோடு பந்துதைத்து வளர்ந்த நம் நாட்டவருக்கு இது அதிசயமாகத் தோன்றாது. 1911இல் மோகன் பகான் வீரர்கள், ஒருவரைத் தவிர அத்தனை பேரும் வெறுங்காலோடு ஆடியே கல்கத்தாவில் ஆங்கிலேயப் பட்டாள அணியை வென்றார்கள். ஜெர்மனிக்கோ அது புதுமை. ஹோகன் ஊர் ஊராகச் சென்று ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்களுக்கு இப்படிச் செய்து காட்டினார். டிரெஸ்டன் நகரில் அவரிடம் பாடம் கேட்ட பையன்களில் ஒருவன் ஹெல்முட் ஷோன். அந்தப் பெயர் பின்னால் மறுபடி வரும்.

கொண்டாடியவர்களும் வெளியேற்றியவர்களும்

1930களின் தொடக்கத்தில் மைஸ்ல் அவரைத் திரும்ப வியன்னாவுக்கு அழைத்தார். சிண்டெலார் என்ற மெலிந்த உடல்வாகு கொண்ட மேதையை நடுவில் வைத்து, ஐரோப்பாவைக் கலக்கிய அதிசய அணி அப்போது உருவாகியிருந்தது. 1932 டிசம்பர் 7ஆம் தேதி லண்டன் ஸ்டாம்ஃபர்டு பிரிட்ஜ் மைதானத்தில் அந்த அணி இங்கிலாந்தை எதிர்த்தது. அணியைத் தயார் செய்ய மைஸ்லுடன் ஹோகனும் இருந்தார். இங்கிலாந்து 4-3 என்று தப்பிப் பிழைத்தது. ஆட்டத்தின் அழகு ஆஸ்திரியாவுடையது என்பதை ஆங்கிலப் பத்திரிகைகளே ஒப்புக்கொண்டன.

இதைப் பார்த்த பிறகாவது இங்கிலாந்து அவரைப் பயன்படுத்திக்கொண்டதா? 1934இல் அவரது பழைய ஃபுல்ஹாம் சங்கம் மானேஜராக நியமித்தது. தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி எதற்கு என்று அங்கே முணுமுணுப்பு. 31 ஆட்டங்களே முடிந்திருந்தன. அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே வேலைநீக்க முடிவு எடுக்கப்பட்டது.

மீண்டும் ஆஸ்திரியா. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அவர் தயார் செய்த ஆஸ்திரிய அமெச்சூர் அணி இறுதியாட்டத்தில் இத்தாலியிடம் 2-1 என்று தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றது. அதே ஆண்டு இறுதியில் இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டிருந்த ஆஸ்டன் வில்லா அழைத்தது. 1938இல் அந்தச் சங்கம் இரண்டாம் டிவிஷன் பட்டத்தை வென்று முதல் டிவிஷனுக்கு ஏறியது; எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியும் ஆடியது. இங்கிலாந்திலும் அவரது முறை செல்லும் என்று நிரூபணமாயிற்று. மறு ஆண்டே இரண்டாம் உலகப் போர் வந்து அதற்கும் தடை போட்டது.

போருக்குப் பின் ஸ்காட்லாந்தின் செல்ட்டிக் சங்கத்தில் பயிற்சி தந்தபோது அவருக்கு 65 வயது கடந்திருந்தது. கிழவர் நமக்கென்ன கற்றுத்தரப் போகிறார் என்று சிலர் நகைத்தனர். அங்கே இருந்த டாமி டோகர்ட்டி போன்ற இளைஞர்களோ அவரிடம் ஒட்டிக்கொண்டு கற்றார்கள். பிற்காலத்தில் புகழ்பெற்ற மானேஜராக உயர்ந்த டோகர்ட்டி, ஹோகனின் பெருமையைப் பேசாத நாளில்லை. பின்னர் ஹோகன் ஆஸ்டன் வில்லாவுக்கே திரும்பி, இளைஞர் அணியைப் பயிற்றுவித்தார்.

பொன்னெழுத்தில் ஒரு பெயர்

அந்தப் பையன்களோடுதான் அவர் வெம்ப்ளியில் உட்கார்ந்திருந்தார். மூன்று கோல் போட்ட ஹிடேக்குட்டி எம்.டி.கே.யின் வழிவந்த சங்கத்து வீரர். ஹங்கேரி அணியை உருவாக்கிய குஸ்டாவ் செபெஷும் எம்.டி.கே.யில் ஆடியவர்தான். தாங்கள் ஆடியது ஜிம்மி ஹோகன் கற்றுக்கொடுத்த ஆட்டமே என்றும், தங்கள் நாட்டுக் கால்பந்து வரலாற்றில் அவர் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும் என்றும் செபெஷ் வெளிப்படையாகச் சொன்னார். காலுறை கொடுத்து அனுப்பிய நாட்டின் தலைநகரிலேயே அந்த மரியாதை கிடைத்தது. ஆறு மாதம் கழித்து புடாபெஸ்டில் நடந்த மறு ஆட்டத்தில் இங்கிலாந்து 7-1 என்று தோற்றது. பந்தாட்டத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும், கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அந்நாட்டில் பரவலாக வேரூன்றியது அதன் பிறகுதான்.

1974 ஜனவரி 30ஆம் தேதி பர்ன்லியில் 91ஆம் வயதில் ஹோகன் காலமானார். ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் அவருடைய மகனுக்கு எழுதிய கடிதத்தில், ஜெர்மனியின் நவீனக் கால்பந்துக்கு வித்திட்டவர் ஹோகன் என்று குறிப்பிட்டார். அது வெறும் உபசார வார்த்தை இல்லை. அதே ஆண்டு ஜூலை மாதம் மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றது. அந்த அணியின் பயிற்சியாளர், டிரெஸ்டனில் ஹோகனிடம் பாடம் கேட்ட ஹெல்முட் ஷோன்.

அந்த உலகக் கோப்பைப் போட்டிகளில் ஆடும் தகுதியைக்கூட இங்கிலாந்து அம்முறை பெறவில்லை.